இருமல் இல்லாத வாரம்

என்னைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு கதை சொல்வார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது யாராவது ஆரம்பிப்பார்கள். "இவன் இருக்கானே, சின்னதுல வாயத் தொறந்து ஒரு சம்பந்தத்தையே கலைச்சவன்." எல்லோரும் சிரிப்பார்கள். பச்சைப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும் என்று பெரியவர் யாராவது முடித்துவைப்பார். அந்தச் சம்பந்தம் என் அத்தைக்கு வந்தது. அவள் உயிரோடு இருந்தவரை அவள் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்வார்கள். பிறகு அந்தக் கவனமும் தேவைப்படவில்லை.

நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தக் கதையில் பாதிதான் உண்மை. இதைப் படிக்கிற உங்களுக்கும் என் வயது இருக்கும். நம் வயதில் தூக்கம் விட்டு விட்டுத்தான் வருகிறது; விழித்துக் கிடக்கும்போது எது வந்து பக்கத்தில் உட்காரும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு ஓர் அலுமினிய டம்ளர்.

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கம். வீட்டைச் சுற்றிக் கரும்பு. அந்தக் காலத்தில் கரும்புக்காரர்களைத் தூங்கவிடாமல் அடித்தது இடைக்கணுப் புழு. கணுவுக்குப் பக்கத்தில் குண்டூசி குத்தியதுபோல் ஒரு துளை இருக்கும். பிளந்து பார்த்தால் உள்ளே சிவந்து புளித்துக் கிடக்கும். மேலே எவ்வளவு மருந்து அடித்தாலும் உள்ளே இருக்கும் புழுவை எட்டாது. அந்த வருஷம் கரும்பு போட்டவர்கள் சிலர் சேர்ந்து, நெல்லிக்குப்பம் போகிற சாலையில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மூட்டைகளை அடுக்கிவந்த ஒரு பழைய கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்தார்கள். புழுவை முட்டையிலேயே அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை அங்கே வளர்க்க ஏற்பாடு. வேலைக்குப் படித்த பெண்கள் வேண்டும் என்றார்கள். அத்தை போனாள். அப்பாவின் கடைசித் தங்கை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்யாணத்துக்காக வீட்டில் காத்திருந்தவள்.

குளவி வளர்க்கிறார்கள் என்ற பேச்சு ஊரைச் சுற்றி வந்தது. பக்கத்து வீட்டு மாமா எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, கொளவி வளக்கிறியாமே. நாளைக்கு வர்ற மாப்ளைய கொட்டி வச்சிடப் போவுது."

"நல்ல மாப்ளையா இருந்தா ஒண்ணும் பண்ணாது மாமா. ஒங்கள மாதிரி ஆளா இருந்தாதான் கஷ்டம்," என்றாள் அத்தை.

அந்தக் குளவி கொட்டாது. முற்றுப்புள்ளி அளவுகூட இருக்காது. வெள்ளைத் தாளில் ஊர்ந்தால்தான் தெரியும். மூச்சு பட்டால் காணாமல் போகும். "இது குளவி இல்ல மருமவனே, குளவியோட நெனப்பு" என்பாள் அத்தை. என்னை மருமவனே என்றுதான் கூப்பிடுவாள். "எனக்குப் பொண்ணு பொறந்தா ஒனக்குத்தான். அதுக்குள்ள மூக்கு சிந்தக் கத்துக்க" என்பாள்.

புழு பிறந்த பிறகு அதோடு மல்லுக்கட்டுவது இந்தக் குளவிக்கு வேலை இல்லை. அந்துப்பூச்சி இட்ட முட்டையைத் தேடிப் போய், அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு ஆக வேண்டியது ஆகாது. அந்த ஓட்டுக்குள் குளவி வளரும். வெளியே பார்த்தால் முட்டை முட்டையாகவேதான் இருக்கும், நிறம் மட்டும் மாறும். வெள்ளை முட்டை கறுத்தால் உள்ளே குளவி தயார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: கிட்டங்கி வருவதற்கு முன்பே இவை நம் வயலிலும் வேலியிலும் இருந்தன, பூச்சிக்கொல்லி விழாத இடங்களில் இன்றும் இருக்கின்றன. இலையெல்லாம் புழுவாகிவிடாமல் நமக்கு இவ்வளவு பச்சை மிஞ்சுவதில் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் கிட்டங்கிக்குள் போனால் குளவி தெரியாது. எங்கு பார்த்தாலும் அந்துப்பூச்சிதான், கரும்பைத் துளைக்காத வேறு ஜாதி. குளவிக்கு முட்டை வேண்டும், முட்டைக்குப் பூச்சி வேண்டும், பூச்சிக்குத் தீனியாகக் கம்புத் தானியம் வேண்டும். உடைத்த கம்பை அகலமான பேசின்களில் பரப்பி, பூச்சி முட்டையைத் தூவி, காடாத் துணியால் மூடிக் கட்டி வைத்திருப்பார்கள். வரிசை வரிசையாகப் பேசின்கள். துணியைத் தூக்கினால் சாம்பல் நிறத்தில் பூச்சிகள் படபடக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குழாயில் பிடித்துக் கூண்டில் விட வேண்டும். முட்டைகள் கூண்டின் அடிவலை வழியாக ரவை போலக் கொட்டும். அதைச் சலித்து, பசை தடவிய அட்டையில் தூவி, குளவியோடு பைக்குள் போட்டுக் கட்டுவார்கள். முட்டை கறுத்ததும் அட்டையைத் துண்டு போட்டு, கரும்பு இலையில் கட்டச் சொல்லிக் கரும்புக்காரர்களுக்குக் கொடுப்பார்கள்.

சலிக்கும்போது எழும் தூசி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பூச்சியின் இறக்கையில் இருக்கும் செதில் அது. ஜன்னலிலிருந்து விழும் வெளிச்சத்தில் வெள்ளியாக மிதக்கும். பார்க்க அழகாக இருக்கும். சனிக்கிழமைகளில் அத்தைக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் நான் அதை வேடிக்கை பார்க்கவே போவேன். சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காதோர முடியிலும் அந்தச் சாம்பல் படிந்திருக்கும். "கெழவி வந்துட்டா பாரு" என்று அப்பா சிரிப்பார்.

இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு அவள் இருமும்போது அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திக் கேட்க ஆரம்பித்தாள். என் தங்கை அப்போது கைக்குழந்தை. ஒருநாள் அம்மா ஓர் அலுமினிய டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியது. தோட்டத்துக் கதவுக்குப் பக்கத்து மாடத்தில் அது இருக்கும். அம்மா கொடுமைக்காரி இல்லை. அத்தைக்கு முட்டை அவித்துக் கொடுப்பாள், தலை வாரிவிடுவாள். ஆனால் அந்த டம்ளரைக் கழுவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்கமாட்டாள். அத்தை தானாகவே மாடத்துக்குப் போய் அந்த டம்ளரில் மொண்டு குடித்தாள். காசநோய் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லப்பட்டதே இல்லை.

"ஒரு தடவ கடலூர்ல பெரியாஸ்பத்திரில காட்டிட்டு வந்துடலாமா?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். நான் பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"காட்டலாம். அந்த வரிசைல நம்ம ஊரு ஆளு ஒருத்தரு பாத்தா போதும், ஜோலி முடிஞ்சிது. மொத கல்யாணம் ஆவட்டும். அப்பறம் அவுங்களா காட்டிப்பாங்க, இல்ல நாம காட்டுவோம்."

அப்பா என் நோட்டை எடுத்து ஒரு பக்கம் புரட்டினார். பிறகு, "அதுவும் சரிதான்" என்றார்.

இந்த இரண்டு பேரும் அவள் நன்மைக்காகத்தான் பேசினார்கள். அதனால்தான் இன்றைக்கும் எனக்கு யார்மீதும் கோபப்பட முடியவில்லை.

கீரப்பாளையத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சிதம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். பெண் பார்க்க வருவதற்கு ஒரு வாரம் முன்பே அம்மா அத்தையை வேலைக்கு லீவு போடச் சொன்னாள். முகம் தெளியட்டும் என்றாள். காலையிலும் சாயங்காலமும் ஆடாதோடைக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தாள். இருமல் குறைந்தது. பிறகு நின்றே போனது.

"பாத்தீங்களா, கஷாயம் கேட்டுடுச்சி" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். குரலில் அழுகை கலந்த சந்தோஷம்.

அந்த வாரம் அத்தை மாப்பிள்ளையைப் பற்றியே பேசினாள். டைப் அடிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். சிதம்பரத்தில் சினிமாக் கொட்டகை கிட்டத்திலேயே இருக்கிறதாம். "கிட்டங்கி?" என்று கேட்டேன். "அங்க எதுக்கு கிட்டங்கி? எவ வேணா பாத்துக்கட்டும்" என்றாள். "அட்டை கட்டுறது?" "நீயே கட்டு. நீதான் பெரிய மனுஷனாச்சே." சொல்லிவிட்டு ரவிக்கைக்குக் கொக்கி தைக்கக் குனிந்துகொண்டாள். நான் அங்கேயே நின்றேன். அவள் நிமிரவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

பெண் பார்க்கிற அன்று காலையில் அம்மா அந்த டம்ளரை மாடத்திலிருந்து எடுத்து மாட்டுக்கொட்டகையில் புண்ணாக்குச் சட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். நான் பார்த்தேன். எல்லோரும் உள்ளே இருக்கும்போது அதை எடுத்துவந்தேன். தண்ணீர் விட்டுக் கழுவினேன். கூடத்தில் தண்ணீர்ப் பானை மூடிமேல் இருந்த எவர்சில்வர் டம்ளரை அடுப்படியில் வைத்துவிட்டு, அலுமினிய டம்ளரை அங்கே கவிழ்த்தேன். பிறகு சட்டை மாற்றிக்கொண்டு தூணோரமாகப் போய் நின்றேன்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, ஒரு மாமா, அக்கா மகள் ஒரு சின்னப் பெண். கேசரி வைத்தார்கள். அத்தை மஞ்சள் சேலையில் காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளைக்குக் கொடுக்கும்போது ஏதோ மெல்லச் சொன்னாள், அவர் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பிடித்துப்போனது தெரிந்தது. "பொண்ணுக்கு முடி ஜாஸ்தி. எண்ணெ எங்க செலவுக்கா, ஒங்க செலவுக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கேசரி தின்ற சின்னப் பெண்ணுக்குத் தாகம். தானே ஓடிப்போய்ப் பானையைத் திறந்து மொண்டாள். வாயருகே கொண்டுபோனாள்.

"அதுல குடிக்காத. அது அத்தையோட டம்ளரு. அதுல யாரும் குடிக்கக் கூடாது," என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

"ஏன் தம்பி, அத்தைக்கு என்னா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கேட்டவிதம் அன்பாகத்தான் இருந்தது.

"இருமல். அதான் அம்மா தனியா வச்சிருக்கு."

அவர் எழுந்து போய்ப் பேத்தியின் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். தண்ணீரை வாசலில் ஊற்றினார். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் நின்று, படியிலேயே வைத்தார். "நேரமாவுது, பஸ்ஸு போயிடும். சொல்லி அனுப்புறோம்," என்றார். மாப்பிள்ளையின் காபி பாதியில் இருந்தது.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். அத்தை குறுக்கே வந்தாள்.

"வுடுண்ணா. புள்ள பொய்யா சொன்னான்?"

அதோடு அது என் வெகுளித்தனம் என்று ஆகிவிட்டது. டம்ளர் எப்படிக் கூடத்துக்கு வந்தது என்று அம்மா தன்னையே சந்தேகப்பட்டாள். பதற்றத்தில் தானே எடுத்து வைத்துவிட்டதாகக் கடைசிவரை நம்பினாள். நான் திருத்தவில்லை.

அத்தை மறுபடி கிட்டங்கிக்குப் போனாள். இருமல் திரும்பி வந்தது. கஷாயம் காய்ச்சினார்கள், இந்த முறை கேட்கவில்லை. கஷாயத்துக்கே அடங்கவில்லை என்றால் அந்த நோய்தான் என்று அம்மாவுக்கு உறுதியாயிற்று. பெண் கேட்டு யாரும் வரவில்லை. கீரப்பாளையத்தில் சொன்னது சுற்றுவட்டாரத்துக்கே கேட்டிருக்கும். அத்தையும் சீக்கிரமே கெட்டிக்காரி என்று பெயர் வாங்கி, மற்றப் பெண்களுக்கு மேலாளாக ஆனாள். சலிக்கும் வேலையை யாரிடமும் விடமாட்டாள். எங்கள் பக்கத்துக் கரும்பெல்லாம் அந்த வருஷங்களில் துளை இல்லாமல் நின்றது. அதில் அவளுக்குப் பெருமை.

நான் கல்லூரிக்குச் சிதம்பரம் போனபோது அந்த மாப்பிள்ளையின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒருநாள் ஊர் எது என்று கேட்டார். சொன்னேன்.

"மேல்பட்டாம்பாக்கமா? அங்க ஒரு கரும்புக்காரரு வூடு. தங்கச்சி பூச்சி வளக்குற எடத்துல வேல பாத்தாங்க. தெரியுமா?"

"தெரியும் சார்."

"நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்க."

ரிப்பனைச் சுற்றிக்கொண்டே பேசினார். "எங்கம்மா பயந்துட்டாங்க. நான் சொல்லிப் பாத்தேன், சிதம்பரம் வந்து நாலு நாளு இருந்தா சரியாப் போயிடும்மான்னு. கேக்கல." பக்கத்து அறையில் அவருடைய மனைவி குழந்தையை அதட்டிக்கொண்டிருந்தார். நான் மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை.

மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் அத்தையைக் கடலூருக்குக் கூட்டிப்போனார்கள். சளியைச் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள். காசம் இல்லை, ஆஸ்துமா இழுப்பு என்றார்கள். அம்மா அன்று வீட்டுக்கு வந்து அந்த டம்ளரைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். ஆனால் அதற்குள் அத்தைக்குக் கல்யாண வயது தாண்டிவிட்டது, நெஞ்சும் கெட்டிருந்தது. எங்கே வேலை செய்கிறாள் என்பதை யாரும் இருமலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அவளும்தான். "பூச்சி என்னா பண்ணும் பாவம்" என்பாள். தலை நரைக்கும் முன்பே, ஒரு மார்கழியில் போய்விட்டாள். புருவத்தில் படிந்த சாம்பலைத் தவிர வேறு நரையை அவளிடம் நான் பார்க்கவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாத ஒன்றைப் போன வருஷம்தான் தெரிந்துகொண்டேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கடலூரில் ஒரு நெஞ்சு மருத்துவரிடம் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பையன், மாவு மில்லில் வேலை பார்க்கிறவன். கதவு பாதி திறந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம எப்படி இருக்கு? மில்லுக்குப் போவாத நாள்ல இருமல் கொறையுதா?" என்று அந்தப் பெண் மருத்துவர் கேட்டார்.

"ஆமா டாக்டர். சுத்தமா இருக்காது. எப்படித் தெரியும்?"

"அப்போ வியாதி ஒன் ஒடம்புல இல்லப்பா, மில்லுல இருக்கு."

என் முறை வந்தது. என் மூச்சைப் பற்றிப் பேசி முடித்த பிறகு கேட்டேன், அந்துப்பூச்சியின் இறக்கைத் தூசிக்கும் இப்படி வருமா என்று.

"தாராளமா வரும் சார். பூச்சி வளக்குற லேப்ல இருக்குறவங்களுக்கு வரும். மூக்க மூடிக்கிட்டு வேல செய்யணும், இல்ல எடத்த மாத்திக்கணும். யாருக்கு சார்?"

"எங்க அத்தைக்கு."

"கூட்டிக்கிட்டு வாங்க, பாப்போம்," என்றார்.

பஸ் நிலையத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் கலைந்ததுதான் நான் செய்த கெடுதல் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவளைப் போகவிட்டிருந்தால் அந்தத் தூசியை விட்டுப் போயிருப்பாள். அந்த ஆளோடு சிதம்பரத்தில் நாலு நாள் இருந்திருந்தால் போதும். அவர் சொன்னது அப்படியே நடந்திருக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் போன அன்று சாயங்காலம். எங்கள் கரும்புக்கு அட்டை கட்ட வேண்டிய நாள் அது. தள்ளிப்போட்டால் குளவிகள் பைக்குள்ளேயே பொரிந்து செத்துவிடும். கிட்டங்கியிலிருந்து ஒருவர் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை மஞ்சள் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் பழைய சேலையில் வந்தாள். "வா மருமவனே" என்றாள்.

வெயில் தாழ்ந்திருந்தது. அவள் முன்னால், நான் பின்னால். காய்ந்து தொங்கும் சோகையை விலக்கி இலையின் அடிப்பக்கத்தில் அட்டைத் துண்டை வைப்பாள். நான் நூலைச் சுற்றிக் கட்டுவேன். கறுத்த முட்டைகள் ஒட்டிய அட்டை மணல்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தது. பாதி வயல் கடந்ததும் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"புண்ணாக்குச் சட்டிக்குப் பின்னால இருந்த டம்ளருக்குக் காலு மொளைச்சிடுச்சா?"

"எனக்குத் தெரியாது அத்தை."

கொஞ்ச தூரம் நடந்தாள். ஒரு சோகையை விலக்கிப் பிடித்துக்கொண்டு எனக்காக நின்றாள்.

"சரி. நூல இறுக்கிக் கட்டாத. எலை அறுந்துடும்."

வயலின் கடைசி வரப்புவரை போய், அங்கிருந்து வாய்க்கால் ஓரமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். இருட்டும்வரை நடந்தோம். அவள் ஒரு முறைகூட இருமவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.